தண்ணீர் எங்கே நின்றது?

கோயமுத்தூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

சித்தி எழுதுகிறேன். நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் நீ போன் பண்ணி, "சித்தி, செத்துப் போச்சு" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாத்திரம் கழுவும் மெஷினைத்தான் சொல்கிறாய் என்று புரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. இனிமேல் எது செத்தது என்பதை முதலில் சொல். நல்லவேளை, உங்கம்மாவை எழுப்பவில்லை. உன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய நாளாகத் தோட்டுத் திருகாணி தொலைந்த கவலையில் அவளுக்குத் தூக்கமே குறைவு.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர், அதில் மிதக்கும் கறிவேப்பிலை, அரைகுறையாய்க் கழுவிய தட்டுகள். உன் மெஷின் சாகவில்லை. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியைக் கேட்பாய், மீதியைக் கேட்பதற்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவாய், அப்படியே உங்கப்பா. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் முடியும்வரை ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாது.

மெஷினுக்குள் தொட்டி மாதிரி தண்ணீர் நிரம்பி நிற்கும், பாத்திரமெல்லாம் அதில் மூழ்கிக் கிடக்கும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு தடவைக்கு மூன்று, நாலு லிட்டர்தான் உள்ளே வரும். வந்தது அடியில் உள்ள குழியில் சேரும். ஒரு பம்ப் அதை உறிஞ்சிச் சூடாக்கி, ஓட்டை போட்ட நீளமான கைகளுக்கு அனுப்பும். பீய்ச்சுகிற வேகத்திலேயே அந்தக் கைகள் சுழலும். பாத்திரத்தில் பட்டு விழும் தண்ணீர் சல்லடை வழியாக மறுபடியும் குழிக்கு வரும், மறுபடியும் மேலே போகும். அழுக்கேறியதும் இன்னொரு சின்ன பம்ப் அதை வெளியே தள்ளும். அப்புறம் புதுத் தண்ணீர். இப்படி மூன்று நாலு தடவை மாற்றி, மொத்தம் 10 முதல் 15 லிட்டருக்குள் வேலையை முடித்துவிடும். நாம் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் ஒரு வடச்சட்டிக்கே அதில் பாதி போய்விடும்.

ஆகவே 'எது கெட்டுப் போச்சு' என்று ஆரம்பிக்காதே. 'தண்ணீர் எங்கே நின்றது' என்று ஆரம்பி. உள்ளே வரவில்லையா, வந்தது சுற்றவில்லையா, சுற்றியது வெளியே போகவில்லையா? நான் இதைக் காசு கொடுக்காமல் கற்றுக்கொண்டது தற்செயல். சில வருஷத்துக்கு முன்னால் என் மெஷின் ஒருநாள் ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. வந்த மெக்கானிக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சுங்க" என்றார். அவர் சொன்ன விலைக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜே வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, சுவரோரக் குழாயை மூடி, மெஷினுக்குத் தண்ணீர் போகிற ஹோஸைக் கழற்றினேன். ஹோஸின் முனையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வலை இருக்கிறது. அந்த வலை முழுக்கச் சேறு. முந்தின நாள்தான் மொட்டைமாடி டேங்கைக் கழுவியிருந்தோம். பழைய பல் பிரஷ், இரண்டு நிமிஷ வேலை. அதே போர்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, உன் மெஷினுக்கு வருகிறேன். முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கு. மெஷினுக்குப் போகிற குழாயை மூடு. கீழ்த்தட்டை முழுசாக வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரை டம்ளரால் பக்கெட்டில் மொண்டு ஊற்று. மொள்ள வராததை ஸ்பாஞ்சால் ஒற்றி எடு. தரையின் நடுவில் உருளை மாதிரி ஒன்று தெரியும், அதுதான் ஃபில்டர். கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருகினால் கழன்று வரும். அதோடு சேர்ந்த தட்டையான சல்லடையும் வந்துவிடும். குழாயடியில் காட்டி, சோப்பும் பழைய பிரஷும் போட்டுத் தேய். கம்பி நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

ஃபில்டரை எடுத்ததும் குழி தெரியும். அதற்குள் வெறுங்கையை விடாதே. உடைந்த கண்ணாடி எங்கே போகும் என்று நினைக்கிறாய்? அங்கேதான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு துழாவு. குழியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். பல மெஷின்களில் அதை ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உன் மாடலில் எப்படி என்று கையேட்டில் படம் போட்டிருப்பான். அதற்குப் பின்னால் வெளியே தள்ளுகிற பம்பின் குட்டி விசிறி இருக்கிறது. விரலால் சுற்றிப் பார். வழவழவென்று சுற்றாது, விட்டு விட்டுத் தடுக்கித் தடுக்கித்தான் சுற்றும். மோட்டாரில் காந்தம் இருப்பதால் அப்படி. அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதே. கொஞ்சமும் அசையவில்லை என்றால்தான் எதுவோ சிக்கியிருக்கிறது. என் மெஷினில் இதுவரை சிக்கியவை ஒரு புளியங்கொட்டை, ஒரு பல்குச்சி, மருந்து மூடி ஒன்று, ஊறவைத்துக் கிழிக்காமல் போட்ட ஊறுகாய் பாட்டிலின் லேபிள். லேபிள்தான் படுமோசம். கூழாகிப் பம்ப் வாயில் அப்பிக்கொள்கிறது.

மெஷின் நிற்கும்போது 'உர்ர்ர்' என்று முனகியதா என்று நினைவுபடுத்திப் பார். முனகியிருந்தால் பம்பு உயிரோடிருக்கிறது, விசிறியோ வழியோ அடைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்டு வரவில்லை, அல்லது அதன் மோட்டார் போய்விட்டது. அது மெக்கானிக் வேலை.

குழியில் ஒன்றும் கிடைக்கவில்லையா? வெளியே போகிற ஹோஸைப் பார். போன வாரம் நீ பின்னால் கூட்டிவிட்டு மெஷினைச் சுவரோடு தள்ளியதாகச் சொன்னாய். ஹோஸ் மடங்கியிருந்தால் அதோடு கதை முடிந்தது. மடங்கவில்லையென்றால் சிங்க் அடியில் சேர்த்திருக்கிற முனையைக் கழற்றி, அதே உயரத்தில் பக்கெட்டுக்குள் பிடித்துக்கொள். இப்போது பம்பின் மூடியைத் திரும்ப மாட்டி, குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிளக்கைச் செருகி, தண்ணீரை வெளியேற்றும் பட்டனை அழுத்து. பக்கெட்டில் பாய்ந்து விழுந்தால் மெஷினில் ஒரு குறையும் இல்லை. அடைத்திருப்பது சிங்க் குழாய். எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் சேர்ந்து இறுகியிருக்கும், பிளம்பரைக் கூப்பிடு.

இந்த ஹோஸைப் பற்றி இன்னொன்று. நம் ஊரில் மெஷினை மாட்ட வருகிறவர்களில் சிலர் அதைத் தரையில் இருக்கிற ஜாலிக்குள் சும்மா செருகிவிட்டுப் போய்விடுவார்கள். ஹோஸ் நடுவில் ஓரிடத்திலாவது முழங்கால் உயரத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அப்படி ஏறவில்லையென்றால், கேனிலிருந்து டியூபை வாயால் உறிஞ்சி விட்டதும் மண்ணெண்ணெய் தானாக இறங்குமே, அதே மாதிரி உள்ளே வருகிற தண்ணீரும் தானாக வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் எடுத்துக்கொண்டே இருக்கும், நிரம்பவே நிரம்பாது, கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று கத்தும். குழாயில் நன்றாகத் தண்ணீர் வந்தும் இப்படிக் கத்தினால் ஹோஸின் உயரத்தைச் சந்தேகப்படு.

எல்லாம் சுத்தமாகி ஃபில்டரை மாட்டும்போது 'டக்' என்று பூட்டியதா பார். சும்மா வைத்துவிட்டால் பருக்கையெல்லாம் அந்த இடுக்கு வழியாகப் பம்புக்குப் போய்ச் சேரும். ஃபில்டருக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அது இருக்க வேண்டியதுதான், பம்பின் ரப்பர் காயாமல் இருக்க உதவுகிறது. அதையும் துடைத்தெடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதே.

தண்ணீர் உள்ளே வராத கோளாறு உனக்கு இன்னும் வரவில்லை. வரும். நீ நாலாவது மாடி, அதற்கு மேலே மொட்டைமாடி, அங்கேதான் டேங்க். கீழ்த்தளத்துக்காரருக்குக் குழாயைத் திறந்தால் பிய்த்துக்கொண்டு வரும், உனக்குச் சாவகாசமாக வரும். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உன் சமையலறைக் குழாய்க்கும் டேங்குக்கும் மூன்று மீட்டர் என்று வைத்தால் 0.3 பார்தான் கிடைக்கும். பல மெஷின்கள் 0.3 அல்லது 0.5 பாராவது கேட்கும். ஆக நீ கோட்டில் நிற்கிறாய். டேங்கில் தண்ணீர் குறைந்தாலோ, நான் சொன்ன வலையில் கொஞ்சம் மண் சேர்ந்தாலோ போதும், மெஷின் குறித்த நேரம்வரை காத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். மெஷினுக்கு ஹோஸ் மாட்டும் அதே குழாயின் கீழே பக்கெட்டை வைத்து ஒரு நிமிஷம் திறந்து பார். பத்து லிட்டர் வருகிறதா? சில கம்பெனிகள் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கின்றன. மிகக் குறைவாக வந்தால் மெஷினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, சின்ன பிரஷர் பம்ப் ஒன்று வைக்க வேண்டியதுதான். டேங்க் கழுவிய அன்றைக்கு மெஷினைப் போடாதே. வேறு குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு, தெளிந்த பிறகு போடு.

அடுத்தது உப்பு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் மெஷின்களின் பாதிப் புகார் இதில்தான் இருக்கிறது.

ஊருக்குள் இருந்தவரை எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் கை வழுவழுப்பு சீக்கிரம் போகாது. மெஷினில் எடுத்த கண்ணாடி டம்ளர் பளபளவென்றிருக்கும். இந்த வீட்டுக்குக் குடிவந்தோம், போர்த் தண்ணீர். இரண்டே மாதத்தில் டம்ளரெல்லாம் பால் ஊற்றிக் கழுவாமல் வைத்த மாதிரி வெளுத்துப் போனது. நான் சோப்பைக் குறை சொன்னேன், மெஷினைக் குறை சொன்னேன், உங்க சித்தப்பாவையும் விடவில்லை. மாறியது தண்ணீர். மெஷினுக்கு அதை நான் சொல்லவே இல்லை.

மெஷினுக்குள் குட்டி மணிகள் நிறைந்த ஒரு அறை இருக்கிறது. உள்ளே வருகிற தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் இருக்கும். தண்ணீரைக் கடினமாக்குவது அவைதான். மணிகள் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குத் தங்களிடம் உள்ள சோடியத்தை விட்டுவிடும். கொஞ்ச நாளில் மணிகள் நிரம்பிப் போகும். அப்போது நீ போட்டு வைத்த உப்பின் கரைசலை மெஷின் அவற்றின் மேல் செலுத்தி அலசும். பிடித்ததை விட்டுவிட்டு மணிகள் மறுபடியும் வேலைக்குத் தயாராகும். உப்பு பாத்திரம் கழுவுவதற்கில்லை, அந்த மணிகளுக்குத்தான். இது புரியாமல் உப்புக்கும் சோப்புக்கும் ஒரே காரியம் என்று நினைப்பவர்கள் நிறைய.

எத்தனை கடினமான தண்ணீர் என்று மெஷினில் செட்டிங் வைக்க வேண்டும். அதைத்தான் நான் வைக்கவில்லை. குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுக்கலாம். மெஷின் கையேடுகளில் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்று வேறொரு கணக்கு இருக்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். ஆக 600 என்பது 33, 34 டிகிரி. உங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷனிடம் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பார். ஆர்ஓக்காரர் பேனா மாதிரி ஒன்றை முக்கி டிடிஎஸ் எண் சொல்வாரே, அது வேறு. அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது, சுண்ணாம்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ரிப்போர்ட் இல்லையென்றால் கடினத்தன்மை பார்க்கும் தாள் கீற்று வாங்கித் தண்ணீரில் தோய்த்துப் பார்க்கலாம்.

உப்பு என்றால் டிஷ்வாஷருக்கென்று விற்கிற பெரிய பரல் உப்புத்தான். சமையலறையில் உப்பு இருக்கும்போது அதற்கு வேறு காசா என்று நான் ஒரு தடவை பொடி உப்பைக் கொட்டினேன். பொடி உப்பு இறுகி அடைத்துக்கொள்ளும், கட்டி பிடிக்காமலிருக்க அதில் வேறு பொருளும் சேர்த்திருப்பார்கள். கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் உண்டு. எதை நீக்க வேண்டுமோ அதையே கொண்டுபோய்க் கொட்டின மாதிரி. புது மெஷினில் முதல் தடவை மட்டும் உப்புக்கு முன்னால் அந்த அறையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புப் போட்டதும் உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடு. வெளியே சிந்திய உப்புத் தண்ணீர் ஸ்டீலை அரித்துத் துருப்புள்ளி போடும், என் மெஷின் தரையில் இன்னும் மூன்று புள்ளி இருக்கிறது. மூடியை இறுக்கித் திருகு. சரியாக மூடாவிட்டால் உப்புக் கரைசல் கழுவுகிற தண்ணீரில் கலந்து, எடுக்கிற தட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். 'எல்லாம் ஒன்றிலேயே' என்று விற்கிற வில்லைகள் ஓரளவு கடினமான தண்ணீர் வரைதான் தாங்கும். உங்கள் போர்த் தண்ணீருக்கு உப்பும் வேண்டும்.

ஏற்கெனவே வெளுத்துவிட்ட டம்ளரில் ஒரு சொட்டு வினிகர் விட்டுத் தேய்த்துப் பார். போய்விட்டால் அது சுண்ணாம்புப் படிவு, தப்பித்தாய். போகவில்லையென்றால் கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப் போயிருக்கிறது. மென்மையான தண்ணீரில் அளவுக்கு மேல் சோப்பும் சூடும் சேர்ந்தால் அப்படி ஆகும். அந்த டம்ளர் இனி மீளாது. செட்டிங்கைக் கூடுதலாக வைத்தாலும் ஆபத்து, குறைவாக வைத்தாலும் ஆபத்து என்பது இதனால்தான்.

தண்ணீர் வருகிறது, போகிறது, ஆனாலும் பாத்திரத்தில் அழுக்குப் போகவில்லை என்றால் நடுவில்தான் எங்கோ தடை. சுழலும் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைப் பார். கடுகுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும் அந்த ஓட்டை. ஊசியோ பல்குச்சியோ வைத்துக் குத்தி, கையைக் கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே கிடக்கும் கறிவேப்பிலைக் காம்பும் உதிரும். மாட்டிய பிறகு விரலால் ஒரு சுற்று சுற்றிவிடு. கரண்டி நீட்டிக்கொண்டோ, பெரிய தட்டு தொங்கிக்கொண்டோ தடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஓடும்போது 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தாலும் இதே காரணம்தான்.

அடுக்குவது ஒரு கலை என்று சொன்னால் நீ சிரிப்பாய். இந்த மெஷினை உருப்படியாக முதலில் செய்தவர் ஒரு பெண். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன். 1886 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் மெஷின்கள் ஓடின. அவர் முதலில் பண்ணிய காரியம் மோட்டார் தேடியதல்ல, தன் வீட்டுத் தட்டுகளை அளந்ததுதான். ஒவ்வொரு தட்டுக்கும் கோப்பைக்கும் தோதாகக் கம்பி அறைகள் செய்தார். தேய்க்க பிரஷ் இல்லாமல் தண்ணீரின் வேகத்தையே நம்பினார். இன்றைக்கும் நம் மெஷினில் இருப்பது அதே யோசனை. அவர் அளந்தது தட்டையான பீங்கான் தட்டுகளை. நம்மிடம் இருப்பது போசி, குண்டா, வடச்சட்டி, டபரா. அதனால் நாம்தான் மெஷினுக்குத் தோதாக அடுக்க வேண்டும். எல்லாவற்றின் வாயும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று போட்டால் உள்ளே இருப்பது அழுக்காகவே வரும். அடிப்பிடித்ததும் எண்ணெய்ச் சட்டியும் கீழ்த்தட்டுக்கு, டம்ளரும் கிண்ணமும் மேல்தட்டுக்கு. இந்தியச் சமையலுக்கென்று தனியாக ஒரு புரோகிராம் பல மெஷின்களில் வந்துவிட்டது. உன்னுடையதில் இருந்தால் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அதையே வை.

சோற்றையும் காம்பையும் குப்பையில் தட்டிவிட்டுப் போடு, ஆனால் முழுசாகக் கழுவிவிட்டுப் போடாதே. சோப்பில் உள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும்தான் தின்னும். நீயே கழுவிக் கொடுத்தால் மெஷின் எதற்கு? முடிந்து திறக்கும்போது சோப்பு வில்லை பெட்டியிலேயே பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தால், பெட்டியின் மூடி திறக்க முடியாமல் எதிரே ஏதாவது தட்டோ அகப்பையோ மறித்திருக்கும். அலுமினியக் குக்கரை உள்ளே வைத்துக் கறுத்துப் போச்சு என்று அழாதே, இந்தச் சோப்பின் காரத்துக்கு அலுமினியம் கறுக்கும். புளித் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் ஓரளவு தெளியும். தோசைக்கல், பித்தளை, மரக்கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது.

உங்க அம்மாயி இங்கே வந்திருந்தபோது சோப்பு தீர்ந்துவிட்டது என்று கையால் விளக்குகிற திரவத்தை இரண்டு கரண்டி ஊற்றிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் சமையலறையில் ஆடிப்பெருக்கு. கதவிடுக்கு வழியாக நுரை வழிந்து தரையெல்லாம் வெள்ளை. இதில் மெஷினுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், பம்புக்குத் தண்ணீர் கிடைக்காது, நுரைதான் கிடைக்கும். நுரையால் எதையும் வேகமாகப் பீய்ச்ச முடியாது. எப்போதாவது அப்படி ஆனால் நிறுத்தி, நுரையை அள்ளிப் போட்டு, ஒரு கை உப்புத் தூவு, நுரை அடங்கும். பிறகு வெளியேற்றிவிட்டு, சோப்பில்லாமல் அலசல் மட்டும் இரண்டு தடவை ஓட்டு.

மெஷினுக்குள் ஒன்றும் இல்லை, ஆனால் ஆன் பண்ணியதும் வெளியேற்றும் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடுகிறது என்றால் கவனம். அடித்தட்டில் எங்கோ கசிந்த தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு மிதவை இருக்கும். அது மேலே எழும்பினால் மெஷின் தண்ணீர் எடுக்கவே மறுத்துவிடும். உன் வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகாமல் காப்பது அதுதான். நுரை வழிந்திருக்கலாம், ஹோஸ் மூட்டில் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கவும் கூடும். மெஷினைச் சாய்த்து வடிக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தனியாக முயற்சி பண்ணாதே, அது 40 கிலோவுக்கு மேல். பிளக்கை எடு, குழாயை மூடு, ஆளைக் கூப்பிடு. ஓடும்போது வீட்டு மெயின் டிரிப் ஆனாலும், கருகிய வாடை வந்தாலும், பாத்திரம் சூடே ஏறாமல் வந்தாலும் அதேதான். ஹீட்டரையும் போர்டையும் நாம் தொட வேண்டாம். மெக்கானிக் வந்தால் "தண்ணீர் நன்றாக வருகிறது, போகிறது, வலையும் ஃபில்டரும் சுத்தம்" என்று முதலிலேயே சொல்லிவிடு. எடுத்த எடுப்பில் போர்டு என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்.

ஆன் ஆகவே மாட்டேன் என்கிறதா? கதவு 'கிளிக்' என்று மூடியதா, குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா, நேரம் தள்ளி ஓட்டும் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகு. இரண்டு கிலோவாட் இழுக்கிற சாமானை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் பிளக் உருகும். பிளாஸ்டிக் டப்பா ஈரமாகவே வருகிறது என்பது கோளாறே அல்ல. எவர்சில்வர் சூட்டைப் பிடித்து வைத்துத் தானாக உலரும், பிளாஸ்டிக்குக்கு அந்தச் சூடு நிற்காது. ரின்ஸ் எய்டு தீர்ந்திருந்தால் ஊற்று, முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வை. நாற்றம் வந்தால் ஃபில்டர், அப்புறம் கதவின் ரப்பர் ஓரம், அதிலும் கீழ்ப்பக்கம். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து கிடக்கும், நம் கண்ணுக்குப் படாது. துடைத்துவிட்டு, எலுமிச்சை உப்பு கொஞ்சம் போட்டு, பாத்திரமில்லாமல் நல்ல சூட்டில் ஒரு தடவை ஓட்டு. ஊருக்கு வரும்போது குழாயை மூடி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு வா.

எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கம்மா வந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள். மிதக்கும் கறிவேப்பிலை போட்டோவையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கே ராத்திரி படுக்கும்போது தோட்டைக் கழற்றி மேடை மேலே ஒரு டபராவில்தானே போட்டு வைத்தேன்" என்கிறாள். தோடு கிடைத்துவிட்டது, திருகாணி மட்டும்தானே போனது. அதனால், அம்மிணி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதே. டீ வடிகட்டியில் வடித்து ஊற்று. ஃபில்டரையும் குழாயடியில் காட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புடன்,
சித்தி